சோம்புத் தண்ணீர்

படகு மணல்திட்டில் தட்டி நின்றபோது நர்ஸ் குழந்தையின் வாயிலிருந்து மறுபடியும் நுரையை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறந்து இரண்டே நாள். கடல் ஓதம் ஏறித் திம்பிக்கி ஆற்றில் தண்ணீர் கூடினால்தான் படகு நகரும். அதற்கப்புறம்தான் நகரத்து ஆஸ்பத்திரி, ஆபரேஷன் எல்லாம்.

"உணவுக்குழாய் பாதியில அடைஞ்சிருக்கு. விட்ட டியூப் இறங்கவே இல்ல," என்றாள் நர்ஸ். "வாயில எதுவும் ஊத்தலையே? ஊத்தினா நேரா நுரையீரலுக்குப் போயிடும்."

"இல்ல," என்றாள் குழந்தையின் பெரியம்மா தெயனிரா, சட்டென்று.

ஊற்றியிருந்தாள். பிறந்த பிள்ளைக்கு வயிறு சுத்தமாகச் சோம்புத் தண்ணீர் கொடுக்காத வீடு அந்தக் கரையில் எது? பிள்ளையைப் பெற்ற தங்கை யிர்லேசா அப்போது பிரசவக் களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை இருமி, நீலம் பாரித்த பிறகுதான் நர்ஸுக்கே ஆள் அனுப்பினார்கள். இப்போது சொன்னால் மருந்து ஏதாவது இருக்குமோ? படகில் எதிரே இருந்த தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. நீயெல்லாம் ஒரு அக்காவா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"தண்ணி ஏறுதா பாருக்கா," என்றாள் யிர்லேசா.

"ஏறுது."

ஏறவில்லை. பிள்ளையின் நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழுந்தது. "பேர் வெச்சிடுங்க," என்றாள் நர்ஸ், யாரையும் பார்க்காமல்.

தெயனிரா ஆற்று நீரை உள்ளங்கையில் அள்ளி உச்சியில் விட்டு, எலியேசர் என்று ஞானஸ்நானம் கொடுத்தாள். ஒரு சொட்டுகூட முகத்துக்கு வழியாதபடி மறு கையால் அணைபோட்டாள். படகு மிதக்கத் தொடங்கியபோது பிள்ளை இல்லை.

சாயங்காலம் வீட்டில் மத்தளமும் பாட்டும். ஞானஸ்நானம் பெற்று இறந்த பிள்ளை தேவதூதனாகிவிடும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. அழுதால் சிறகு நனைந்துவிடும். அதனால் யாரும் அழவில்லை. காகிதக் கிரீடம் வைத்த பிள்ளையைப் பெண்கள் வட்டமாக நின்று கைமாற்றிப் பாடினார்கள். யிர்லேசாவின் சட்டை பாலில் நனைந்திருந்தது.

"ஒரு வாய்கூட எதையும் ருசி பாக்காம போறான்க்கா."

தெயனிராவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "பாத்தான்டி. நீ தூங்கறப்ப சோம்புத் தண்ணி குடுத்தேன். ரெண்டு கரண்டி. அப்புறம்தான் இருமினான்."

பாட்டு ஒரு சுற்று வந்து முடிந்தது. தங்கை அவள் பக்கம் திரும்பவில்லை.

"வெல்லம் போட்டியா?"

"போட்டேன்."

பிள்ளை அவர்களிடம் வந்தது. யிர்லேசா வாங்கி, உச்சியை முகர்ந்து, அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு கைதட்டத் தொடங்கினாள்.