கிளினிக்கில் கேட்ட இரண்டாவது கேள்வி

நாகலெட்சுமி புருஷன் பேரைச் சொன்னதே கிடையாது. லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அவள் வயதுப் பெண்கள் யாரும் சொல்வதில்லை. வாக்காளர் பதிவுக்கு வந்த கிராம சேவகர் கேட்டபோதுகூட, பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் ராக்காயியை இடித்து, "நீ சொல்லுடி" என்றவள்.

இரண்டு வருஷமாக அவள் வெறும் பானையை அடுப்பில் ஏற்றினாள். கொழுந்தெடுக்கப் போனவள் ஆளில்லாத மலையில் தனியே நின்றாள். புருஷன் செல்லசாமி அதைப் பித்தம் என்றே நம்பினார். வயசுக் கோளாறு என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டால் போதும், நிம்மதியாகக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதற்காகத்தான் 2004ஆம் வருஷம் அவளோடு கண்டி கிளினிக்குக்கு வந்தார்.

யாழ்ப்பாணத்து டாக்டர் குகநேசன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கிற வெள்ளை இழைகள் பல இடங்களில் சிதைந்திருந்தனவாம். ஞாபகத்தை வைத்திருக்கும் இடமும் சுருங்கியிருந்ததாம். மண்சரிவில் கம்பி அறுந்தால் இரண்டு பக்கமும் போன் இருந்தும் பேச முடியாதல்லவா, அதுபோல என்றார். அல்சைமர் என்று ஒரு பெயரும் சொன்னார்.

பிறகு அவளிடம் திரும்பி, கணவர் பெயரைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

செல்லசாமி சிரித்துவிட்டார். "அது சொல்லாதுங்க ஐயா. கல்யாணம் கட்டுன நாள்லேருந்து சொன்னதில்ல." தம் பக்கம் வழக்கு ஜெயித்த மாதிரி இருந்தது அவருக்கு.

டாக்டரும் சிரித்தார். "எங்கட அம்மாவும் சொல்லமாட்டா. பேர் வேண்டாம் அம்மா. இவர் உங்களுக்கு ஆர்?"

அவள் நிமிர்ந்து செல்லசாமியை நன்றாகப் பார்த்தாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தெரியலீங்க. யாரோ நல்ல மனுசன். பஸ்ஸுல எடம் புடிச்சுக் குடுத்தாரு."

செல்லசாமியின் முகத்தில் அந்தச் சிரிப்பு போக வழி தெரியாமல் அப்படியே நின்றது. போன தீபாவளிக்கு ராக்காயி அவளைச் சீண்டி, புருஷன் பேரைச் சொன்னால்தான் பலகாரம் என்றாள். அவள் வாய் திறக்கவில்லை. லயத்து வீடுகள் எல்லாம் சிரித்தன. அவருக்கு உள்ளூரப் பெருமை. அன்றைக்கு அது வெட்கமா, இல்லை அன்றைக்கே இதுதானா? எந்த நாளில் மாறியது? ஒரே பாயில் படுத்திருந்தவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் மருந்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை.

வெளியே வந்ததும் நாகலெட்சுமி வாசலிலேயே நின்றுவிட்டாள். நர்ஸ் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஆளோடு தனியாகப் போகமாட்டேன் என்றாள்.

செல்லசாமி இரண்டடி தள்ளி நின்றார். அவளை அதுவரை ஒருமையில் மட்டுமே கூப்பிட்டிருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானும் லிந்துலைக்குத்தாங்க போறேன். பயப்படாம வாங்க. பஸ்ஸுல எடம் புடிச்சுத் தாரேன்."