முற்றத்தில் சொல்லாத பெயர்

கிளியம்மாள் காம்பவுண்டில் அந்த நாய்க்குப் பெயர் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்ட பிறகு ஆறு வீட்டிலும் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஆறு வீட்டிலும் அதே பெயர்தான். ஆனால் முற்றத்தில் இறங்கிவிட்டால் அது வெறும் நாய். எங்கிருந்தோ வந்து மாடிப்படிக்கு அடியில் படுத்திருக்கும், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு ஜீவன். இப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்கள் இரண்டாவது வாரத்துக்குள் தாமாகவே புரிந்துகொள்வார்கள்.

இரும்புக் கேட்டில் 'நாய் வளர்க்கக் கூடாது' என்று நீல பெயின்டில் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வரும் வீட்டுக்காரி கிளியம்மாள் அந்த எழுத்துக்கு அருகிலேயே நின்று, மாடிப்படியின் அடியைப் பார்த்து, "யார் நாய் இது?" என்பாள். "தெரு நாய்ங்கம்மா" என்று யாராவது ஒரு வாசலிலிருந்து பதில் வரும். "தொரத்தி வுடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விடுவாள். மூன்று வருஷமாகக் கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை.

ஒரே ஒருவன் மாற்றிப் பார்த்தான். கடைசி வீட்டிலிருந்த பேச்சிராஜ், ஊரிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒரு குட்டியைக் காட்டி, சிரித்த முகமாக, "நம்ம நாய்தாம்மா" என்றான். கிளியம்மாள் திட்டவில்லை, கேட்டில் இருந்த எழுத்தை மட்டும் திரும்பிப் பார்த்தாள். எட்டாம் நாள் பேச்சிராஜின் பீரோவும் கட்டிலும் லோடு வண்டியில் ஏறின. குட்டி பீரோவின் மேல் உட்கார்ந்து போனது.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி காலை, குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்த ஜாஸ்மினுக்கு அந்த பீரோதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

"யக்கா, பின்தெருவுல நேத்து நாலு நாய்," என்றாள் பக்கத்து வீட்டு இசக்கி. இருவரும் சுங்குவார்சத்திரத்தில் ஒரே எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், ஒரே லைனில் வேலை பார்ப்பவர்கள். "நாய் வண்டில வந்து வலைய வீசி அள்ளிட்டுப் போயிட்டாவளாம். இன்னைக்கு நம்ம தெருவாம்."

"ஆபரேஷன் பண்ணிட்டுத் திருப்பிக் கொண்டாந்து விட்டுருவாங்கன்னு சொல்லுதாங்களே?"

"சொல்லுதாவ. படப்பையில இருந்து வார நம்ம லைன் சுகப்பிரியா தெருவுல புடிச்சுட்டுப் போனது ரெண்டு. தீவாளிக்குப் போனது, இன்னும் வந்துகிட்டிருக்கு."

முந்தாநாள் தெருமுனையில் நாய்கள் துரத்தி, பைக்கில் போன ஒருவர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். துரத்திய கூட்டத்தில் மாடிப்படி நாய் இல்லை. ஒரு பின்னங்கால் நொண்டும் நாய் எந்த பைக்கைத் துரத்தும்? ஆனால் வலை வீசுகிறவர்கள் அதையெல்லாம் விசாரிக்க மாட்டார்கள்.

"வளக்குற ஆளு இருக்குன்னு சொன்னா விட்டுருவாங்கல்லா?" என்று ஜாஸ்மின் கேட்டாள், ஏதோ பொதுவாகக் கேட்பதுபோல.

"சொல்லணும்லாக்கா. யாரு சொல்ல? நீங்க சொல்லுவியளா?" இசக்கி சிரித்தாள். ஜாஸ்மின் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளும் நிறுத்திக்கொண்டு, வாளியை நகர்த்தினாள்.

மாடிப்படிக்கு அடியில் நாய் முகத்தை முன்னங்கால்களில் வைத்துப் படுத்திருந்தது. அதன் பெயர் டோக்கன். வந்த புதிதில் இசக்கியின் கேன்டீன் டோக்கனைக் கடித்து விழுங்கி, அவளை ஒரு நாள் பட்டினி போட்டதால் வந்த பெயர். விடியற்கால ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் அதுதான் ஜாஸ்மினுக்குத் துணை. காம்பவுண்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை இரண்டு பக்கமும் காலி மனைகள். கல் நட்டிருப்பார்கள், வீடு இருக்காது. ஒரு நாள் ஒரு பைக் அவளுக்குப் பின்னால் மெதுவாக வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. நொண்டிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்த டோக்கன் திரும்பி வந்து, அவளுக்கும் பைக்குக்கும் நடுவில் நின்றது. குரைக்கக்கூட இல்லை. சும்மா நின்றது. பைக் திரும்பிப் போய்விட்டது.

அந்த வாரமே அவளும் கணவன் ஜெபகுமாரும் அதை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, ஸ்ரீபெரும்புதூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வெறிநாய்த் தடுப்பூசி போட்டார்கள். ஊசி அட்டையில் எழுதியவர் உரிமையாளர் பெயர் கேட்டார். ஜெபகுமார் வாசலைப் பார்த்தான். ஜாஸ்மின் தன் பெயரைச் சொன்னாள். அந்த அட்டை அன்றிலிருந்து, ஜிப் வைத்த வேதப்புத்தக உறைக்குள், வேறு யாரும் கை வைக்காத இடத்தில் இருந்தது.

இருபத்தாறாம் தேதியே இருவருக்கும் ஷிஃப்ட், லீவு இல்லை. கல்யாணமான பின் ஊருக்குப் போகாத முதல் கிறிஸ்மஸ். அதனால் நாசரேத்திலிருந்து மாமியார் ஞானப்பூ ஒரு கட்டைப் பை நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்குமாக ரயிலேறி வந்திருந்தாள். வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஆறு வீட்டுக்கும் பலகாரம் கொடுத்து, ஆறு வீட்டுச் சமையலையும் விசாரித்துவிட்டாள். வாசலில் ஸ்டார் கட்ட ஒயர் எட்டாதபோது இசக்கி தன் வீட்டு பிளக்கிலிருந்து மின்சாரம் கொடுத்தாள். தன் வாசல் கோலத்தையும் ஐந்து முனை நட்சத்திரமாகவே போட்டுவிட்டாள்.

"ஏளா ஜாஸ்மின், முகம் ஏன் இப்படி இருக்கு? பண்டிகை நாளும் அதுவுமா," என்றாள் ஞானப்பூ.

"ஒண்ணுமில்ல அத்தை. தூக்கம் பத்தல."

ஜெபகுமார் ஒரகடத்தில் காருக்கு சீட் தைக்கும் கம்பெனியிலிருந்து மூன்று மணிக்குத் திரும்பினான். சட்டையைக்கூட மாற்றாமல் அவளைச் சமையல் மூலைக்கு அழைத்தான்.

"பாத்ரூம்ல போட்டுத் தாழ்ப்பாள் போட்டுருவோம். வண்டி போற வரைக்கும்தானே."

"ஆறரைக்கு சபையில இருந்து பாட்டுப் பாட கேரல் ரவுண்ட்ஸ் வருவாங்க. ஓனரம்மாவ நாமதான் கூப்பிட்டிருக்கோம். குரைச்சா?"

"பாட்டுச் சத்தத்துல கேக்காது."

"வண்டிக்காரன் கேட்டா?"

"யாரு கேட்டாலும் வாயத் திறந்திராத." அவன் குரல் தணிந்தது. "ஃபேமிலிக்கு இங்க எவன் வீடு தாரான்? ஒரு ரூமுக்குள்ள எட்டு பேச்சிலரப் போடத்தான் எல்லாவனும் பாக்கான். பேச்சிராஜ் இப்ப வாலாஜாபாத் தாண்டி இருக்கான். மூணு மணிக்கு எந்திரிக்கான், தெரியுமா? அம்மா வந்திருக்கிற நேரத்துல..."

அவன் முடிக்கவில்லை. அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்பதுதான் அவளை அதிகமாக வருத்தியது.

ஐந்தரை மணிக்கு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, டோக்கனை உள்ளே கொண்டுபோனார்கள். அது மறுப்பில்லாமல் வந்தது. தாழ்ப்பாள் விழும்போது மட்டும், தன்னை ஏதாவது தப்புக்காக அடைக்கிறார்களா என்று கேட்பதுபோல் அவளை நிமிர்ந்து பார்த்தது. வாசலில் ஞானப்பூ மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். சபையிலிருந்து முன்பே கொடுத்தனுப்பிய ஜெபச் சீட்டு அது. வீட்டார் பெயர்களை எழுதிக் கொடுத்தால், பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார்கள்.

"எல்லார் பேரையும் எழுதிட்டேன்," என்றாள் ஞானப்பூ. மூன்றே பேர் உள்ள வீட்டில் 'எல்லார்' என்ற சொல் எதற்கு என்று யோசிக்கும் நிலையில் ஜாஸ்மின் இல்லை. அவள் காது முழுவதும் தெருவில் இருந்தது.

ஆறரைக்குச் சரியாக டேம்பரின் சத்தம் கேட்டது. பதினைந்து பேர், ஒரு கிடார், கழுத்தில் மைக் பெட்டி தொங்கவிட்ட சபை உபதேசியார், பஞ்சுத் தாடியும் முகமூடியுமாக இடுப்பை ஆட்டி ஆட்டி மிட்டாய் வீசிய ஒரு கிறிஸ்மஸ் தாத்தா. ஆறு வீட்டாரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். கிளியம்மாள் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், கேக் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்து, "நல்லா கீதும்மா ஸ்டாரு" என்றாள்.

இரண்டாவது பாட்டின் நடுவில் கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கம்பிக்கூண்டு வைத்த வண்டி. காக்கிச் சட்டை போட்ட இருவர் இறங்கினார்கள். மூத்தவன் தோளில் வலை. உள்ளே பாட்டு நடப்பதைக் கண்டு, அவன் இளையவனைக் கையமர்த்திவிட்டு, கேட்டோரம் கைகட்டி நின்றான். அந்த மரியாதை ஜாஸ்மினை இன்னும் கலங்கவைத்தது. அவசரப்படுகிறவன் என்றால் போய்விடுவான், இவன் காத்திருப்பான்.

ஒரு பாட்டு முடியாமலே போக வேண்டும் என்று அவள் அன்றுவரை வேண்டியதில்லை. பாட்டு முடிந்தது. எல்லோரும் தலை குனிந்தார்கள். உபதேசியார் ஞானப்பூ நீட்டிய சீட்டை வாங்கி, மைக்கில் ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, இந்தக் குடும்பத்தில் உள்ள ஜெபகுமார், ஜாஸ்மின், தாயார் ஞானப்பூ அம்மாள்..." சீட்டை ஸ்டார் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். "...டோக்கன்."

வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரைப்புக் கேட்டது.

ஜாஸ்மின் கண்களைத் திறந்துவிட்டாள். இசக்கி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஜெபத்துக்குக் கண்ணை மூடும் வழக்கமில்லாத கிளியம்மாள், வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருய்யா இது, தம்பியா?" என்று உபதேசியார் மைக்கை ஒதுக்கிக் கேட்டார்.

"சித்தப்பா மவன்," என்றான் ஜெபகுமார். "ஊர்ல இருக்கான்."

"தம்பி டோக்கனையும், தூரத்தில் இருக்கிற அவனுடைய படிப்பையும் நீர் ஆசீர்வதியும்..."

பெயரைக் கேட்டதும் மறுபடியும் குரைப்பு. கூடவே கதவை நகத்தால் பிறாண்டும் சத்தம்.

ஆமென் சொல்லி முடித்ததும் ஞானப்பூவின் பக்கம் குனிந்து ஜெபகுமார், "எதுக்கும்மா அத எழுதுன?" என்று பல்லைக் கடித்தான்.

"இந்த வீட்டுச் சோத்தத் திங்கிற எல்லாரையும்தானல எழுதணும்? நம்ம வீட்டுல மாட்டுக்கும் சேத்துல்லா ஜெபம் பண்ணுவோம்!" அவள் மெதுவாகப் பேசப் பழகாதவள்.

காக்கிச் சட்டைக்காரன் உள்ளே வந்து கும்பிட்டான். "மன்னிச்சிக்கங்க. பாட்டு முடியட்டும்னு நின்னுகினு இருந்தோம். என் பேரு பாண்டுரங்கன். இந்தக் காம்பவுண்டுல ஒண்ணு கீதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. ஆளு இருந்தா, ஊசி போட்ட அட்டை இருந்தா காட்டுங்க, வுட்டுட்டுப் போயிடறோம். யாருதும் இல்லன்னா ஏத்திகினு போவணும். இன்னா சொல்றீங்க?"

ஆறு வீட்டாரின் பார்வையும் தரைக்குப் போனது. கிறிஸ்மஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்தான்.

கிளியம்மாள் கேக் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"யார் நாய் இது?" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி. ஆனால் அவள் இன்று தொட்டியைப் பார்க்கப் போகவில்லை, பதிலுக்காக நின்றாள்.

"தெரு நா..." என்று பழக்கத்தில் இசக்கியின் வாய் தொடங்கிவிட்டது. அவளே திடுக்கிட்டு நிறுத்தினாள். மூன்று வருஷமாக அந்த நாயைக் காப்பாற்றிவந்த பதில், இன்று சொன்னால் அதைக் கூண்டில் ஏற்றிவிடும் என்பது ஒரே கணத்தில் முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது.

பாண்டுரங்கன் தோளிலிருந்து வலையை இறக்கினான்.

ஜெபகுமாரின் விரல்கள் ஜாஸ்மினின் மணிக்கட்டைப் பிடித்தன. அவள் அவனைப் பார்த்தாள். அவன் கண்களும் உள்ளே தாழ்ப்பாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. காலி மனைகளும், லோடு வண்டியில் ஏறிய பீரோவும் ஒன்றன்மேல் ஒன்றாக அவளுக்குத் தெரிந்தன. மணிக்கட்டை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

உள்ளே போய், அலமாரியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்து உறையின் ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் சிக்கியது. பல்லால் இழுத்துத் திறந்தாள். வெளியே வந்து அட்டையைப் பாண்டுரங்கனிடம் நீட்டியபோது அவன் அதை வெளிச்சத்தில் திருப்பி, "ஜாஸ்மின்னு போட்டிருக்கு. யாரு?" என்றான்.

அவள் பதிலை அவனுக்குச் சொல்லவில்லை. கிளியம்மாளை நேராகப் பார்த்தாள்.

"என் நாய்தாம்மா. மூணு வருஷமா கேட்டீங்க. என் நாய்தான்."

கிளியம்மாளின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவள் பார்வை மெல்லத் திரும்பி, கேட்டில் இருந்த நீல எழுத்தின் மேல் போய் நின்றது. பேச்சிராஜுக்கும் அப்படித்தான் திரும்பியது. ஜாஸ்மின் அது முடியும்வரை காத்திருக்கவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, மறுபடி முற்றத்துக்கு வந்து, எல்லோருக்கும் நடுவில் நின்றாள்.

"டோக்கன்!"

கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்த நாய், வெளியில் தன் பெயரைக் கேட்டறியாததால், வாசற்படியில் நொண்டிக்காலைத் தூக்கியபடி தயங்கி நின்றது. ஸ்டாரின் சிவப்பு வெளிச்சம் அதன் நெற்றியில் விழுந்தது. ஜாஸ்மின் குரலை இன்னும் உயர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி, மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.