லாரி ஓரத்தில் நின்றவர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பெற்ற பிள்ளைகள் தலைமேல் சத்தியம். பிள்ளைகள் இல்லாததால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தலைமேல்.

அரசு ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் தூசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை அவர் தும்மியபோது மூக்கிலிருந்து யாரோ ஒரு பழைய கவர்னரின் மீசை வந்து விழுந்தது. அதற்கும் எண் போட்டுப் பெட்டியில் வைத்தார்.

ஒரு நாள் காலை, எழுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் வந்து அவர் மேஜைமேல் ஒரு கடிதத்தை வைத்தார். நாற்பது வருடத்துக்கு முன், ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது சிப்பாய்கள் லாரியில் ஏற்றிப் போனவர்களில் அவர் வீட்டுக்காரரும் ஒருவர். போனவர்கள் யாரும் திரும்பவில்லை.

“படிங்க தம்பி. ‘மேற்படியார் தம் விருப்பப்படி வீட்டை விட்டு வெளியேறினார்.’ இப்படி எழுதிக் குடுத்திருக்காங்க. ஓடிப்போற மனுஷன், சாயங்காலம் வந்து சாப்பாட்டுத் தூக்கை நானே கழுவுறேன்னு சொல்லிட்டா போவான்?”

“ஒருவேளை வேற யாரோடயாவது...” என்று இழுத்தார் தூசி.

“அந்த மூஞ்சிக்கு நானே அதிகம்.”

தூசி பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

“நாளையோட விசாரணைக் கமிஷனை மூடுறாங்க. இங்க இருக்கிற லாரிப் படத்துல அவர் இருந்தா செத்தவங்க பட்டியல்ல சேர்ப்பாங்களாம். இல்லைன்னா, அவர் இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கணும்.”

படம் இருந்தது. ஆட்களை லாரிமேல் வரிசையாக நிறுத்தி, சிப்பாய்களே எடுத்த படம். கூடவே இருந்த அட்டையில், ‘ஆட்கள் பதினைந்து’ என்று எழுதியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினால் பதினான்குதான். அம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “இவர் இல்ல... இவரும் இல்ல...” என்று கடைசி முகம்வரை வந்து நின்றார்.

தூசி படத்தின் ஓரத்தை விரலால் தடவினார். ஆறு வருடத்துக்கு முன் புதுப் பெட்டிகள் வந்தன. படங்களைவிட அரை அங்குலம் சின்னவை. பெட்டியை மாற்ற மேலிடம் சம்மதிக்கவில்லை. ஸ்கேலும் பிளேடும் வைத்து மூவாயிரம் படங்களின் ஓரத்தையும் நறுக்கியது அவரேதான். ஓரம்தானே, அங்கே என்ன இருக்கப்போகிறது? அரசாங்கப் பொருளை வீணாக்கக் கூடாதென்று, நறுக்கிய கீற்றுகளைப் பதிவேடுகளுக்குப் பக்க அடையாளமாகச் செருகியும் வைத்திருந்தார்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் படம் எடுக்கும்போது எங்க நிப்பார்?”

“எப்பவும் ஓரத்துலதான், பாதி ஆள் படத்துக்கு வெளியதான். கூச்ச சுபாவம்.”

இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பதிவேடுகளை உதறினார்கள். ஒரு குதிரை வால் விழுந்தது. ஒரு மணப்பெண்ணின் அரைத் தோள் விழுந்தது. ஒரு மந்திரியின் பாதிக் குடை விழுந்தது. மூன்று மணிக்கு, சுட்டுக் கொன்ற தெருநாய்களின் பதிவேட்டிலிருந்து ஒரு காதும் ஒரு தோளும் ஒரு வலக்கையும் விழுந்தன. ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை. அதை ஆலை இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டது. மீதி விரல்களில் சாப்பாட்டுத் தூக்கு.

அம்மாள் அழவில்லை. “கையிலயே வச்சிருக்காரு, பாருங்க,” என்றார்.

தூசி கீற்றைப் படத்தோடு சேர்த்து வைத்தார். பொருந்தவில்லை. ஆறு வருடத்தில் அந்தப் பதினான்கு பேரும் காலியான இடத்தில் காலை அகட்டி நின்று பழகிவிட்டார்கள். தூசி தொண்டையைச் செருமினார்.

“கொஞ்சம் நெருங்கி நில்லுங்கப்பா. இன்னொருத்தர் இருக்கார்.”

நெருங்கினார்கள். லாரிப் பலகை கிறீச்சிட்டது. சிப்பாய் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். பதினைந்தாவது ஆள் வெட்டுத் தடம் தெரியாமல் ஒட்டிக்கொண்டார். ஒருவர் முகமும் மலரவில்லை. லாரி எங்கே போகிறதென்று அவர்களுக்குத் தெரியும்.

தூசி பின்பக்கம் ‘அசலின்படி சரி’ என்று முத்திரை குத்தினார். அம்மாள் முந்தானையில் மையைத் துடைத்து, படத்தை வாங்கிப் போனார். மறுநாள் கமிஷன் ‘தம் விருப்பப்படி’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, செத்தவர்கள் பட்டியலின் கடைசியில், ஓரமாக, அவர் பெயரை எழுதியது.

அந்தக் காப்பகம், லாரி போன மூன்றாம் நாளே ஒரு தாள் மிஞ்சாமல் எரிந்துபோனது. தூசி வேலைக்குச் சேர்ந்தது அந்தக் காலி மனைக்குக் காவலாளாக.