காப்பி டப்பாவில் இருந்த சாவி

"இந்தச் சாவி இங்க இருக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

ஆர்டிஸிடம் இதைக் கேட்டவள் பிரென்னா. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்திருந்த இளம்பெண். அப்போது ஆர்டிஸ் ஒரு முக்காலியில் ஏறி நின்று, ஃப்ரிட்ஜின் மேலிருந்த பழைய காப்பித்தூள் டப்பாவுக்குள் துழாவிக்கொண்டிருந்தாள். ரப்பர் வளையங்கள், தீர்ந்துபோன பேட்டரிகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். எல்லாவற்றுக்கும் அடியில்தான் துப்பாக்கிப் பெட்டியின் சாவி கிடக்கும். முப்பது வருடமாக அதற்கு அதுதான் இடம்.

அவள் பதில் சொல்வதற்குள் அவளுடைய கணவன் ஓரின் முந்திக்கொண்டான்.

"எனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியே எழுதிக்கோங்க."

"அப்ப அவங்க எப்படி எடுக்கறாங்க?"

"சரி, ரெண்டு பேருக்கு. திருடனுக்குக் காப்பி பிடிக்காது, கவலைப்படாதீங்க."

பிரென்னா லேசாகச் சிரித்தாள். ஆனால் எழுதவில்லை. ஆர்டிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் சாவியைக் கணவன் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் காப்பி வைக்கப் போனாள்.

அமெரிக்காவின் மொன்டானாவில் அவர்களுடைய பள்ளத்தாக்கில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. வைக்கோல் வண்டியிலும் ஒன்று இருக்கும், கோழிக்கொட்டகைக் கதவருகிலும் ஒன்று இருக்கும். ஓரினிடம் பதினான்கு இருந்தன. அவனுடைய தாத்தா மான் வேட்டைக்கு எடுத்துப்போன ரைஃபிள், மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த இரட்டைக்குழல், ஏலத்தில் எடுத்தது, சீட்டாட்டத்தில் ஜெயித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தான். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தாக்கில் கீழே இருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரத்தில் யாரோ புகுந்து அவர்களுடைய துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் கிடைத்த தொகை, போனதில் ஒன்றுக்குக்கூடக் காணவில்லை. அன்றிலிருந்து ஓரினுக்குத் தூக்கம் கெட்டுப்போயிற்று. பதினான்கையும் தனியாகக் காப்பீடு செய்யப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வேட்டைக் காலம் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது பிரென்னா வந்து சேர்ந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் ஆர்டிஸ் ஒட்டுப்போட்டுத் தைத்த கனத்த போர்வையை விரித்து, அதன்மேல் ஓரின் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். குண்டு இல்லை என்று ஒவ்வொரு முறையும் திறந்து காட்டினான். பிரென்னா உலோகத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்து, ஓரின் தன் கையால் எழுதி வைத்திருந்த பட்டியலோடு ஒப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டாள். வேலை மெதுவாகவும் சந்தோஷமாகவும் நடந்தது. தன் பிள்ளைகள் பள்ளியில் எந்த வகுப்பு படித்தார்கள் என்று கேட்டால் தடுமாறுகிற ஓரின், அந்த எண்களை மனப்பாடமாகச் சொன்னான்.

ஆர்டிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் டெல்மரின் நாய் பிப் கட்டிக் கிடந்தது.

டெல்மர் ஓரினின் தம்பி. இரண்டு கோடை மழை பொய்த்ததில் மாடுகளை விற்றான். அதற்குப் பிறகு நிலத்தையும் விற்றான். போன வசந்தத்தில் அவன் மனைவி இறந்தாள். இப்போது அண்ணன் நிலத்தின் கோடியில், ஓடைப் பக்கம் நிற்கிற, சக்கரம் வைத்த பழைய டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தான். தினமும் காலையில் காப்பிக்கு வருவான். ஆர்டிஸை ஷெரிப்பம்மா என்று கூப்பிடுவான். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்று அவள் விரலை ஆட்டி ஆட்டிப் போலீஸ் மாதிரி மிரட்டுவதால் அந்தப் பெயர். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சரணடைந்தவன் மாதிரி உள்ளே வருவான். சிரிக்க வைத்துவிட்டுப் போவான்.

அவனை என்ன ஏது என்று கேட்க வேண்டும் என ஆர்டிஸ் இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஆம்பளைக்குக் கொஞ்சம் நாள் ஆகும், தோண்டித் துருவாதே என்று ஓரின் சொல்லிவிட்டான். அந்தப் பக்கத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் அப்படியெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை.

இன்று காலை டெல்மர் காப்பிக்கு வரவில்லை. அவள் எழுந்து வந்தபோது நாய் மட்டும் வாசல் தூணில் கட்டியிருந்தது. பக்கத்தில் அதன் தீனி மூட்டை, முழு மூட்டை. டவுனுக்குப் போகிறான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஒன்பதாவது?" என்றாள் பிரென்னா.

ஓரின் பெட்டிக்குள் குனிந்தான். மேல்தட்டைத் தடவினான், கீழ்த்தட்டைத் தடவினான். தோல் உறை கையில் வந்தது. காலியாக இருந்தது.

"அப்பாவோட ரிவால்வர்" என்றான். குரல் மாறிவிட்டது. "இங்கதான் இருந்துது. ஆகஸ்ட்ல எண்ணெய் போட்டு நானே வெச்சேன்."

பெட்டியை முழுக்கக் காலி செய்தார்கள். பதின்மூன்றுதான் இருந்தன. பூட்டு உடையவில்லை, கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

ஓரின் முகம் சிவந்தது. ஆகஸ்டில் வேலி போட வந்தவன்தான், அந்த எலாய், என்றான். தண்ணீர் கேட்டுக்கொண்டு இரண்டு தரம் சமையலறைக்குள் வந்தான், கண் ஃப்ரிட்ஜ் மேலேயே இருந்தது, அப்போதே தனக்குச் சந்தேகம் என்றான். உண்மையில் எலாய் வாசற்படி தாண்டி வந்ததில்லை. தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொடுத்தவள் ஆர்டிஸ். ஓரின் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து ஷெரிப் அலுவலக எண்ணைச் சுழற்றத் தொடங்கினான்.

ஆர்டிஸ் காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள். அவள் கண் அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. அங்கே அவளுடைய கேக் தட்டு இருந்தது. தேய்த்துக் கழுவி, துணியில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை டெல்மர் கொண்டுவந்து கொடுத்தது. அதோடு குழி தோண்டும் மண்வெட்டியையும், ஓரினின் குளிர்கோட்டையும் திருப்பிக் கொடுத்திருந்தான். பள்ளத்தாக்கில் இரவல் வாங்கினதை யாரும் தானாகக் கொண்டுவந்து தருவது வழக்கமில்லை. தேவைப்படும்போது சொந்தக்காரன் போய் எடுத்துக்கொள்வான், அப்படியே ஒரு காப்பியும் குடித்துவிட்டு வருவான். ஓரினின் கோட்டு டெல்மரிடம் ஆறு வருடமாக இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டான். கடைசியாக நாயையும்.

சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்த மூன்றாவது ஆள் அவன்.

ஆர்டிஸ் நடந்து போய்த் தொலைபேசியின் கொக்கியைக் கையால் அழுத்தினாள்.

"என்ன பண்றே நீ?"

"எலாய் எடுக்கல, ஓரின்."

"வேற யாரு எடுத்தா?"

அவள் நாயைக் காட்டினாள். ஆணியில் தொங்கிய கோட்டைக் காட்டினாள். ஓரின் முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு வண்டிச் சாவிக்கு ஓடினான், கையிலிருந்த ரிசீவரை மாட்டக்கூட இல்லை. அது சுவரோடு தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

பிரென்னா எழுந்து நின்றாள். ஆம்புலன்ஸுக்குத் தான் சொல்வதாகச் சொன்னாள். டவுனிலிருந்து வர நாற்பது நிமிடமாவது ஆகும் என்பது மூவருக்கும் தெரியும்.

டிரெய்லர் வீடு அரை மைல். ஓரின் வண்டியைப் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினான். ஆர்டிஸ் ஜன்னலை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வைக்கோல் வெட்டிய நிலத்தில் காக்கைகள் மட்டும் எழுந்து உட்கார்ந்தன. டிரெய்லரின் புகைக்குழாயில் புகை இல்லை.

வண்டி நிற்பதற்குள் ஓரின் கதவைத் திறந்தான். ஆர்டிஸ் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ உள்ள வந்தா கத்துவே. படியிலயே நில்லு."

அவள் கதவைத் தட்டவில்லை. தள்ளித் திறந்தாள். உள்ளே எல்லாம் துடைத்து வைத்தது போல் சுத்தமாக இருந்தது. டெல்மர் சாப்பாட்டு மேஜை முன்னால், தலையை வாரிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று எதையோ மூடிக் கிடந்தது.

"ஷெரிப்பம்மா" என்றான் அவன். கையைத் தூக்கவில்லை. "அதான் கேக் தட்டைக் குடுத்துட்டேனே. இன்னும் என்ன பாக்கி?"

அவள் காலணியோடு உள்ளே போய் எதிரில் உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசலாம், நாய் சாப்பிட்டதைப் பற்றிப் பேசலாம். அப்படித்தான் எட்டு மாதமாக எல்லாரும் அவனிடம் பேசினார்கள்.

"செத்துப்போயிடலாம்னு இருக்கியா, டெல்மர்?"

வாசலில் ஓரின் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

டெல்மரின் தோள் இரண்டும் தளர்ந்தன. சுமையைக் கீழே வைத்தவன் மாதிரி இருந்தது.

"விடிஞ்சதுலேர்ந்து இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன்" என்றான். "இதை யாராவது கேட்டுட மாட்டாங்களான்னு இருந்துது. யாரும் கேக்கல."

"நான் கேக்கறேன். சொல்லு."

அவன் துணியோடு சேர்த்து அதை அவள் பக்கம் தள்ளினான். ஆர்டிஸ் கையால் தொடாமல், துணியோடு எடுத்து, பின்னால் நீட்டினாள். ஓரின் வந்து வாங்கிக்கொண்டான். குண்டுகளை எடுத்துச் சட்டைப்பையில் போடும்போது இரண்டு கீழே விழுந்து உருண்டன. குனிந்து எடுக்கப் போனவன் எழவில்லை. தம்பியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கோட்டை ஏன்டா திருப்பிக் குடுத்தே" என்றான்.

ஆம்புலன்ஸ் வரும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். டெல்மர் பேசினான். மாடுகளை ஏற்றிப்போன நாளைப் பற்றி, மனைவியின் துணிகளை எடுத்து வைக்க முடியாததைப் பற்றி. நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. ஓரின் நடுவில் குறுக்கிடாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பத்து மணிக்குப் பிரென்னா மீண்டும் வந்தாள். டெல்மர் மருத்துவமனையில் தூங்குகிறான், நான்கைந்து நாளில் அனுப்புவார்கள், இனி மாடி அறையில் தங்களோடுதான் இருப்பான் என்று ஆர்டிஸ் சொன்னாள். வீட்டில் ஒரு துப்பாக்கிகூட இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேஜையில் பதினான்கும் போர்வைகளில் சுற்றிக் கட்டியிருந்தன. காப்பி டப்பா கவிழ்த்து வைத்திருந்தது.

ஓரின் காப்பீட்டுப் படிவத்தை அவளிடம் திருப்பி நீட்டினான். கையெழுத்து இல்லை.

"அந்தக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன்" என்றான். "எனக்கு மட்டும்தான் தெரியும்னேன். படிவத்துல அதைத் திருத்திக்கோங்க."

"அந்தக் கேள்வி படிவத்துல இல்லீங்க" என்றாள் பிரென்னா. "நானாத்தான் கேக்கறேன், போற வீட்லெல்லாம். எங்கப்பாவோட துப்பாக்கிப் பெட்டிச் சாவி அவரோட சாக்ஸ் டிராயர்ல இருக்கும். எங்க அண்ணனுக்கு அது தெரியும். இப்ப அண்ணன் இல்ல. எங்க வீட்டுக்கு வந்தவங்க யாரும் கேக்கல."

ஆர்டிஸ் அவளுக்குக் காப்பி ஊற்றினாள்.

ஓரின் மூட்டைகளைப் பார்த்தான். "பதினாலு எண்ணையும் தலைகீழாச் சொல்லுவேன். எண்ணினப்பவே ஒண்ணு குறையுதுன்னு தெரிஞ்சுது. தம்பி எட்டு மாசமாக் காணாமப் போயிட்டிருந்தான், அது தெரியல. துப்பாக்கி திருட்டுப் போனா காப்பீடு குடுப்பாங்க. மனுஷன் போனா யார் குடுப்பா? துப்பாக்கி வெச்சிருக்கிறவன் சாவியை ஒளிச்சு வெச்சாப் போதாது, தன்னைத் தவிர யார் கைக்கும் எட்டாமப் பூட்டணும். வீட்ல ஒருத்தன் மனசு ஒடிஞ்சிருந்தா, துப்பாக்கியையே வெளியில குடுத்துடணும். அப்புறம் அவன் முகத்தைப் பாத்து நேராக் கேக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் சும்மா இருந்திருந்தா, அவனைப் புதைச்சிருப்பேன்."

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ஹார்லன் வந்திருந்தான். வாய்க்கால் மதகைத் திறப்பதில் வந்த சண்டையில், மூன்று வருடமாக ஓரினோடு பேசாத பக்கத்து நிலத்துக்காரன். அவனிடம்தான் கனத்த இரும்பு அறை இருந்தது. நேற்று மாலை ஓரின் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு என்னுடையதையெல்லாம் உன் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்வாயா, ஏன் என்று மட்டும் கேட்காதே என்று சொல்லியிருந்தான். மறுமுனையில் பதில் வரவில்லை. வைத்துவிட்டான் என்றே ஓரின் நினைத்தான்.

ஹார்லன் வாசலில் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தான். தொப்பியை எடுத்து ஆர்டிஸைப் பார்த்துத் தலையசைத்தான். ஒவ்வொரு மூட்டையாக, தூங்குகிற குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் படுக்க வைத்தான். ஓரின் உதவிக்குப் போனான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பதினான்கையும் ஏற்றினார்கள். ஓரின் தன் துப்பாக்கிப் பெட்டியின் சாவியையும் நீட்டினான். ஹார்லன் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

பிறகு தன் வண்டியின் முன்னிருக்கையிலிருந்து பழைய குறடு ஒன்றை எடுத்தான். ஓரின் அவனிடம் இரவல் வாங்கி, சண்டைக்குப் பிறகு வேலிக்கு மேலே தூக்கி எறிந்த குறடு அது. அதை மறுபடி இரவல் தருவது போல ஓரினின் கையில் வைத்து, அவன் விரல்களை அதன்மேல் மடக்கி, ஒரு கணம் பிடித்திருந்தான்.

ஏன் என்று கேட்காமலே வண்டியில் ஏறிப் போய்விட்டான்.