செம்மநத்தம் மைதானம் இருக்குமிடம்

செம்மநத்தத்து விளையாட்டு மைதானம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, முருகன் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தடியில் போய் நின்றது. அன்று ஏற்காட்டில் பட்டர் ஃப்ரூட் விலை சரிந்திருந்தது, சேலத்திலிருந்து வரவேண்டிய பஸ் வழக்கம்போல் வளைவு ஒன்றில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மைதானம் நகர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. அதன்மேல் நின்ற பிள்ளைகளும் அதோடு சேர்ந்தே போனதால் அவர்களுக்கு எல்லாம் இருந்தபடியே இருந்தது. எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ நகர்வதைப் பார்த்தார்கள். பனிமூட்டம் என்று நினைத்துவிட்டார்கள். சேர்வராயன் மலையில் பனிமூட்டம் நகர்வதையெல்லாம் யாரும் ஊட்டுக்குப் போய்ச் சொல்வதில்லை.

அந்த மைதானத்தைக் கொண்டுவந்தவர் ஜோஸ்லின். ஏற்காடு டவுனில் பிறந்து, மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர். மலையில் காப்பி உண்டு, பலா உண்டு, ஆரஞ்சு உண்டு, சமதரை மட்டும் கிடையாது. ஒரு பந்தை உதைத்தால் அதைத் தேடி எடுத்து வருவதற்குள் பீரியட் முடிந்துவிடும். அதனால் பல வருஷம் அவர் பிள்ளைகளை ரோட்டில்தான் ஓடவிட்டார். ஒரு நாள் வளைவில் திரும்பிய ஜீப் சிவசக்தி என்ற பெண்ணின் இடது காலை முறித்தது. கால் கூடியது, கோணலாகக் கூடியது. அந்தப் பள்ளியிலேயே வேகமாக ஓடியவள் அவள். அன்றோடு ஜோஸ்லின் ரோட்டில் ஓடவிடுவதை நிறுத்தினார். சிவசக்தியின் முகத்தைப் பார்த்து ஓடு என்ற வார்த்தையை அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு சமதரை வாங்கிக் கொடுக்காமல் இந்த வேலையை விடுவதில்லை என்ற வெறி மட்டும் அவருக்குள் இருந்தது.

அந்த வெறியில்தான் ஆராய்ச்சியில் போய் மாட்டினார். சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டுக் கல்வியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். அங்கே ஐஸ்வர்யா என்ற பெண் பொருளறிவியல் துறையில் காப்பித் தொலியையும் பழைய டயர் ரப்பரையும் அரைத்துத் தரை செய்துகொண்டிருந்தார். சந்தோஷ் என்ற பையன் டிரோனைப் பறக்கவிட்டு, மேலிருந்து எடுத்த படங்களை ஒன்றோடொன்று தைத்து வரைபடம் செய்துகொண்டிருந்தான். மூன்று துறையையும் சேர்த்தால்தான் திட்டத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, சேர்த்துவிட்டார்கள். ஐஸ்வர்யாவின் தரையில் ஜோஸ்லினின் பிள்ளைகள் ஓடுவார்கள், தரை எப்படித் தேய்கிறது என்பதை சந்தோஷ் மேலிருந்து அளப்பான். அந்த ஆராய்ச்சியின் தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

இடம் கொடுத்தது ஒரு எஸ்டேட். காப்பிக்கொட்டை காயவைக்கும் பழைய களம் செம்மநத்தத்துக்கு மேலே சும்மா கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு இரவல். அதற்குள் கல்லூரியின் குழு வந்து பார்த்து மைதானம் சரி என்று சொன்னால் இடம் பள்ளிக்கு, சொல்லாவிட்டால் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுக் களத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் செல்லப்பன் நயமாகச் சொன்னார். ஐஸ்வர்யா தன் கலவையை அழுத்துவதற்கு வேறு அச்சு கிடைக்காமல், மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றின் அச்சை வாங்கிவந்து அதில் அழுத்தினார். வந்த பொருள் பார்ப்பதற்கு அசல் கூரை ஓடு. ஆராய்ச்சிக் கட்டுரையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது, ஊரில் எல்லோரும் ஓடு என்றுதான் சொன்னார்கள். லாரிக்காரர் ஓடு இறக்கினார், கொத்தனார் சின்னையன் ஓடு பதித்தார். அவ்வப்போது எடுத்துப் பார்க்கவேண்டும் என்பதால் சிமெண்ட் போடவில்லை. பெயர் வைத்ததும் இவர்கள்தான், காலைக் கட்டாமல் விட்டதும் இவர்கள்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் படங்களைத் தைத்துப் பார்த்த சந்தோஷ் முதலில் டிரோன் மேல் சந்தேகப்பட்டான். பாறைகளில் சுண்ணாம்பால் போட்டு வைத்திருந்த குறிகள் எல்லாம் சரியான இடத்தில் இருந்தன, மைதானம் மட்டும் இல்லை. அது தள்ளிப்போய் மரத்தடியில் இருந்தது. மறுநாள் நேரில் போய்ப் பார்த்தால் பழைய இடத்திலேயே நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தது. மறுபடி பறக்கவிட்டான், மைதானம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கேமராவை மாற்றினான், கணினியை மாற்றினான், கண்ணாடியைக்கூட மாற்றினான். ஜோஸ்லினுக்கு போன் போட்டு, "மேடம், எனக்கு நொம்பக் கொழப்பமா இருக்குதுங்க. படம் பொய் சொல்லாதுங்க. கிரவுண்டுதான் ஏதோ பண்ணுது" என்றான். ஜோஸ்லின் அவனுக்குச் சரியான சாப்பாடு இல்லை என்று நினைத்தார்.

ஆனால் அவர் கணக்கும் உதைத்தது. ஒரு ரவுண்டு ஓடி முடித்த பிள்ளைகளின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் இப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல் நிதானமாக இருந்தது. தரையில் கை வைத்தால் தரை சுட்டது, லேசாக ஏறி இறங்கவும் செய்தது. ஐஸ்வர்யா வந்து ஓடுகளைப் பெயர்த்துப் பார்த்தார். பிள்ளைகள் மிதித்த மேல்பக்கம் புதுசாக இருந்தது. அடிப்பக்கம்தான் பழைய செருப்பைப்போல் தேய்ந்து, குதிகால் பக்கம் வழுவழுவென்று ஆகியிருந்தது. அந்த வாரக் கடைசியில் செம்மநத்தத்து ராசாத்தி பள்ளிக்கே வந்துவிட்டார். "ஏனுங்க டீச்சர், நேத்து உங்க கிரவுண்டு எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னுக்கிச்சு. நான் எங்கீங்க கோலம் போடறது?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை, இடம் தெரிந்தால் போதும் என்பதுபோல் கேட்டார். நடுவில் இருந்த காப்பிச் செடிகள் ஒதுங்கி வழிவிட்டனவா, மைதானம்தான் வயிற்றை எக்கிக்கொண்டு போனதா என்று ஜோஸ்லின் திருப்பிக் கேட்டார். அதையெல்லாம் தான் கவனிக்கவில்லை, அடுப்பில் சோறு இருந்தது என்றார் ராசாத்தி.

மூன்று பேரும் டீக்கடையில் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் படிப்பில்தான் கோளாறு என்று நினைத்து மற்ற இரண்டு பேரையும் பார்க்கக் கூசினார். ஜோஸ்லினுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குழு வரும்போது மைதானம் இடத்தில் இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்பது மட்டும் புரிந்தது. அடிப்பக்கம் தேய்ந்திருக்கிறதென்றால் ஓடுதான் ஓடியிருக்கிறது என்று சந்தோஷ் சொன்னான். "ஓடு எப்படீங்க ஓடும்?" என்று ஐஸ்வர்யா எரிந்து விழுந்தார். ஜோஸ்லின் டீ கிளாஸைக் கீழே வைத்தார். வருஷக்கணக்காகத் தினமும் தொண்டை கிழிய அவர் கத்துவது அந்த ஒரே வார்த்தையைத்தான். ஓடு, ஓடு, ஓடு. பிள்ளைகளுக்கு அது கட்டளை. கீழே கிடந்தவற்றுக்கு அது பெயர். பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலையும் சொன்னால் செய்யாமல் என்ன பண்ணும்?

உடனே எழுந்து போய்ச் சோதித்தார்கள். ஜோஸ்லின் குனிந்து மெதுவாக ஓடு என்றார், மைதானம் ஒரு முழம் போனது. ரன் என்றார் ஐஸ்வர்யா, அதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை. சந்தோஷ் பயந்துபோய்த் தன் ஊர் வழக்கப்படி, "ஓடுங்க" என்றான். மைதானம் அசையவில்லை. மறுபடி சொன்னான், அசையவில்லை. ங்க சேர்த்தால் அது தன்னைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டது. சேலத்துக்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான பூட்டு வேறு கிடையாது. கடன்காரனிடம்கூட ங்க போட்டுத்தான் சண்டை பிடிப்பார்கள். அன்று முதல் ஜோஸ்லின் ஒண்ணாங்கிளாஸ் பொடிசுகளைக்கூட, "ஓடுங்க கண்ணு, ஓடுங்க சாமி" என்று மரியாதையாக விரட்டினார். பிள்ளைகள் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாக ஓடினார்கள். மைதானம் நின்ற இடத்தில் நின்றது, பிள்ளைகளின் நாடி எகிறியது, சந்தோஷின் படங்கள் தைத்த இடத்தில் தைத்தபடி இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் மட்டும் இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. பள்ளி இல்லாத நாளில்தான் மைதானம் அதிக தூரம் போயிருந்தது, ஒரு தடவை சேர்வராயன் கோயில் போகும் பாதைவரை. ஜோஸ்லின் ஒரு ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த கையோடு மேலே ஏறிப் போனார். மைதானத்தின் நடுவில் சிவசக்தி தனியாக நின்றுகொண்டிருந்தாள். கைகளை விரித்திருந்தாள், தலைமயிர் பின்னால் பறந்தது, பாவாடை படபடத்தது. சுற்றிலும் காப்பி இலை ஒன்றுகூட ஆடவில்லை. கால் முறிவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஜோஸ்லின் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு வந்த சுவடு தெரியாமல் இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை டிரோன் பறக்கவேண்டாம் என்று சந்தோஷிடம் சொன்னார், ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

குழு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தலைமை தாங்கியவர் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர், பழக இனிமையானவர். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்ததால் அன்று காலையிலிருந்தே எல்லோரும் வாய்க்கு வாய் ங்க போட்டார்கள், ஆட்டைக்கூட, "போங்க" என்று விரட்டினார்கள். மைதானத்தில் நாற்காலி போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பேராசிரியரின் கண் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிவசக்தியின்மேல் விழுந்தது. "நீ ஏம்மா உக்காந்திருக்கே? எங்கே, எழுந்து ஓடு பார்க்கலாம்!" என்றார், ஆசையாகத்தான். அவர் ஊரில் பிள்ளைகளுக்கெல்லாம் ங்க கிடையாது. சிவசக்தி எழுந்து, நொண்டி நொண்டி நடுவில் வந்து நின்றாள். பனிமூட்டம் ஒன்று கடந்து போனதுபோல் இருந்தது. பேராசிரியர் டீயைக் குடித்து முடித்து, கைகொடுத்துவிட்டு இறங்கினார். அவருடைய கார் இல்லை. கார் செம்மநத்தத்தில் இருந்தது. அவர் வேறொரு ஊரில், கொட்டச்சேட்டில் இருந்தார்.

பேராசிரியர் நேர்மையானவர், பொய் எழுதமாட்டார். தரை தரமானது, பயிற்சி நல்ல பயிற்சி, வரைபடம் துல்லியம், ஆனால் மைதானம் எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்ய முடியாததால் ஒப்புதல் தர வழியில்லை என்று எழுதினார். மைதானம் வழக்கம்போல் களத்துக்குத் திரும்பிவந்து படுத்திருந்த திங்கட்கிழமை காலையில் செல்லப்பன் கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். பழம் பறிப்பு வந்துருச்சுங்க, எனக்குக் களம் வேணுமுங்க" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் ஜோஸ்லினுக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு பீரியட் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பிள்ளைகளை மைதானத்தில் ஏற்றினார். சிவசக்தி வழக்கம்போல் வெளியே நின்றாள். ஜோஸ்லின் அவளைக் கூப்பிட்டு, "நடுவுல வந்து நில்லு கண்ணு" என்றார். அவள் வந்து நின்றாள். ஜோஸ்லின் விசிலை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. வெறும் குரலில், மரியாதை எதுவும் சேர்க்காமல், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ஓடு."

செல்லப்பன் பீடியைப் பற்றவைத்துவிட்டு நிமிர்ந்தபோது களம் காலியாக, பெருக்கி விட்டதுபோல் சுத்தமாகக் கிடந்தது. ஓட்டுத் துண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. மைதானத்துக்கு வெளியே நின்று சொன்ன ஜோஸ்லின் மட்டும் இப்போது நடுவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "களத்தை எடுத்துக்குங்க, ரைட்டருங்க" என்றார். செல்லப்பன் சுற்றிப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், "பெருக்கி வேற குடுத்துட்டீங்களே" என்று நன்றி சொன்னார். அன்று மத்தியானமே காப்பிக்கொட்டை பரப்பினார்கள்.

இப்போது மைதானம் செவ்வாய்க்கிழமை கொட்டச்சேட்டில் இருக்கும், புதனும் வியாழனும் செம்மநத்தத்தில், மற்ற நாட்களில் கூப்பிட்ட ஊரில். சமதரையே இல்லாத சிற்றூர்ப் பிள்ளைகளும் வட்டம் போட்டு விளையாடுகிறார்கள். மே மாதச் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வண்டி நிறுத்த மைதானத்தை மேலே அனுப்பச் சொல்லி ஆள் வந்தது, ஜோஸ்லின் முடியாது என்றார். சந்தோஷுக்கு வரைபடத் துறையில் வேலை கிடைத்தது, ஐஸ்வர்யா மறுபடி அந்தக் கலவையைச் செய்து பார்த்ததில் வந்த ஓடு சாதாரண ஓடு, எவ்வளவு கத்தினாலும் படுத்தே கிடக்கிறது. மைதானத்தோடு சிவசக்தி போய்வருகிறாள். அன்று தான் யாரைப் பார்த்து ஓடு என்று சொன்னோம், பெண்ணையா தரையையா என்ற குழப்பம் ஜோஸ்லினுக்கு இன்னும் தீரவில்லை. இரண்டு பேருமே ஓடிவிட்டதால் அவர் அதை அதற்குமேல் கிளறவில்லை. கொட்டச்சேட்டில் பிள்ளைகள் பந்தும் கையுமாக ரோட்டோரம் நின்று அடம் பிடித்தால், "இரு சாமி, கிரவுண்டு வந்துரும்" என்று அம்மாமார்கள் சொல்கிறார்கள். கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் பஸ்ஸைப்போல் ஏமாற்றாது.