லோகேஸ்வரி வீட்டுக் கதவு

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அக்கா அர்ச்சனாவுக்குத் தங்கை லோகேஸ்வரி மேல் பொறாமை. தங்கை சக்கர நாற்காலியில் இருப்பவள் என்பதால் முதலில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'கவலை' என்று எழுதினேன். பொய்யாக இருந்தது. பொறாமையே இருக்கட்டும்.

2
தொடக்கம்: வெளியே பனி பெய்துகொண்டிருந்த

(பினாங்கில் பனி ஏது? மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்தால் இப்படித்தான்.)

இன்னொன்று: லோகேஸ்வரி சன்னலோரம் அமர்ந்து கடலைப் பார்த்தபடி

(டத்தோ கிராமாட்டில் அவள் வாடகைக்கு இருக்கும் தரைத்தள வீட்டுச் சன்னலில் மோட்டார் சைக்கிள்கள்தான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு நேரமும் இல்லை. கணினியில் வேலை.)

3
நடந்தது இதுதான். போன வாரம் லோகேஸ்வரி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தோளில் சிராய்ப்பு. அம்மா உடனே பிறை ஊர்ப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பேசிவிட்டார்.

"அங்க எல்லாத்தையும் பாத்துக்குவாங்க. நீ சொன்னாதான் கேப்பா. போய்ப் பேசு," என்று அர்ச்சனாவை அனுப்பினார்.

லோகேஸ்வரி அங்கே போனால் இந்த வாடகை வீடு போய்விடும். இன்னொன்றை யாரும் எடுத்துத் தரப்போவதில்லை. அர்ச்சனாவுக்கு அது தெரியும்.

4
கதவைத் தட்டினாள்.

"கொஞ்சம் இரு லா, வரேன்," என்று உள்ளேயிருந்து குரல். சக்கரம் எதிலோ இடித்தது. யாரோ சிரித்தார்கள். (நூருல் ஹுதா, காலையில் உதவிக்கு வருபவள். சிரிப்பு எதற்கென்று அர்ச்சனாவுக்குத் தெரியாது. எனக்கும்தான்.)

கெலுகோரில், அம்மா வீட்டில், அர்ச்சனாவின் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. இத்தனை வயதில் யாரையும் அவள் வாசலில் காக்க வைத்ததே இல்லை. வயிறு எரிந்தது. அந்த இல்லத்திலும் தாழ்ப்பாள் இருக்காது என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

(இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை.)

5
கதவு திறந்தது.

"அம்மா அனுப்பிச்சாங்களா? மூஞ்சியிலேயே தெரியுது," என்றாள் லோகேஸ்வரி. "பாத்ரூம் சுவத்துல ஒரு கைப்பிடி வச்சா முடிஞ்சுது. அதுக்கு ஆளையே தூக்கிட்டுப் போவாங்களா? போன வருஷம் நீ படியில விழுந்தியே, உன்னை எங்க அனுப்பினோம், அக்கா?"

அர்ச்சனாவின் கைப்பேசி அடித்தது. அம்மா.

"எடு. ஸ்பீக்கர்ல போடு."

6
முடிவு ஒன்று: அர்ச்சனா வெளியே போய்ப் பேசினாள். "சரின்னுட்டாம்மா."

முடிவு இரண்டு: அர்ச்சனா மனம் திருந்தி, கண்ணீர் மல்க

(வேண்டாம். பொறாமை அவ்வளவு சீக்கிரம் போகாது.)

மூன்றாவதை எழுதத் தொடங்கும்போது லோகேஸ்வரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ யாரு? எங்க வீட்டு விஷயம் இது. வெளிய நில்லு," என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஆகவே முடிவு உள்ளே இருக்கிறது. என் கதையின் முடிவு, எனக்குத் தெரியாமல். இப்போது எரிவது என் வயிறு.

நீங்கள் வேண்டுமானால் தட்டிப் பாருங்கள். மெதுவாகத்தான் வந்து திறப்பாள். அவள் வீடு.