பாதி வெட்டிய தலை

கடையைப் பூட்டி நாலு மாதம் ஆகியிருந்தது. "இன்னைக்குத் திறந்தே தீருவேன்" என்று முடிதிருத்துகிறவர் ஒற்றைக் காலில் நின்றார். அவர் மனைவி தடுத்துப் பார்த்தாள், நடக்கவில்லை.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷன். இப்போது நடக்கிறார், பேசுகிறார், கையும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தட்டில் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு "இவ்வளவுதானா?" என்பார். அவள் தட்டைத் திருப்பி வைத்தால்தான் மீதியும் உள்ளே போகும். "கண்ணுல கோளாறு இல்லம்மா. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதையே மூளை கவனிக்க மாட்டேங்குது" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவர் ஒத்துக்கொண்டால்தானே!

வெளியாள் தலையில் கை வைத்துவிடப் போகிறாரே என்று அவள் தன் தம்பியைக் கூட்டி வந்தாள். "முடி போனா முளைக்கும்க்கா. காது முளைக்காது, பார்த்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே அவன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

கத்தரி பழைய வேகத்தில் ஓடியது. வலப்பக்கம் அச்சில் வார்த்த மாதிரி இறங்கியது. பிடரி நடுவில் வந்ததும் நின்றுவிட்டது.

"முடிஞ்சுது மாப்ளே. கண்ணாடியைப் பாரு."

இடது காதைப் புதராக முடி மூடியிருந்தது. தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "மாமா, இந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்?" என்றபடி அவர் கிருதா ஒதுக்கச் சவரக் கத்தியை விரித்தார்.

"கொஞ்சம் பொறுங்க!" அவள் பாய்ந்து வந்து நாற்காலியைச் சுழற்றி, தம்பியை அவருக்கு எதிர்முகமாகத் திருப்பினாள். வெட்டாத பக்கம் அவருடைய வலப்பக்கம் வந்தது.

"இதை எவன் இப்படி விட்டது?" என்று சீறினார். அவர் அந்த முடியைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"நானா?"

"நீங்கதாங்க."

கத்தியை மடக்கி அவள் கையில் கொடுத்தார். காத்திருப்போர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நேத்து நீ துணி காயப்போடுறப்போ, கடையைப் பார்க்கலாம்னு தனியா ரோட்டைத் தாண்டி வந்தேன். ரெண்டு பக்கமும் பார்த்தேன்னுதான் நினைச்சேன். வண்டியே இல்ல. ஆனா ஹாரன் சத்தம் மட்டும் காதைப் பொளந்துச்சு."

தம்பி பாதித் தலையோடு எழுந்து, மூவரும் வெளியே வந்ததும் கடைக்கதவை இழுத்து மூடினான். ரோட்டோரத்தில் அவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இப்போ ஏதாவது வருதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். ஓர் அடி வைத்தார். நின்று, மறுபடியும் கேட்டார்.